நவமணியின் கேள்விக்குறி

நவமணியின் வாய்க்கு பிரேக் கிடையாது. அவள் அம்மா ஜோர்ஜ்டவுன் பசாரில் காய்கறிக் கடை போட்டிருந்தாள். வாங்க வந்தவரை யோசிக்க விட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்று அம்மாவுக்குப் பயம். கத்தரிக்காய் வேண்டுமா என்று கேட்ட வாயோடு முருங்கைக்காயையும் கேட்டுவிடுவாள். அந்தக் கூச்சலில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்? பாலிடெக்னிக் படித்து, பத்து காவான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர் ஆகி, முப்பத்து மூன்று வயதாகியும் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை.

இப்படிப்பட்டவள் போயும் போயும் கார்த்திகேசு மேல் ஆசைப்பட்டாள். அதே தொழிற்சாலையில் கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். தங்கமான மனுஷன். ஆனால் பேர் என்ன என்று கேட்டால்கூட ஒரு மூச்சு விட்டுத்தான் சொல்வான். போன மாதம் கேன்டீனில், தன்னைக் கட்டிக்கொள்வானா என்று நவமணி துணிந்து கேட்டேவிட்டாள். அவன் "இல்ல" என்றான். தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தவள், அதன்பிறகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாளை ஈப்போவில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்களாம்.

வேலையாவது ஒழுங்காக நடந்ததா? அதுவும் இல்லை. மேசைமேல் இருந்த மீட்டர் காலையிலிருந்து கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பித்தான் அதை வேலை வாங்க வேண்டும். அந்தக் கட்டளைகளுக்கென்றே ஒரு மொழி, ஒரு இலக்கணம் உண்டு. கடைசியில் கேள்விக்குறி போட்டால் பதில் வேண்டும் என்று பொருள். போட்டவர் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டுதான் அடுத்த பேச்சுக்குப் போக வேண்டும்.

பக்கத்து மேசை ஷாஹிரா எட்டிப் பார்த்தாள்.

"மணி, வோல்டேஜ் எவ்வளவுன்னு கேட்டிருக்க. அது அளந்து சொல்றதுக்குள்ள கரண்ட் எவ்வளவுன்னு கேட்டுட்ட. அது மொத பதில தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவதுக்குத்தான் சொல்லுது. நீ அதப் போய் வோல்டேஜ்னு எழுதி வச்சிருக்க. பாவம் லா அந்த மீட்டர், உங்கிட்ட வந்து மாட்டிக்கிட்டு!"

"போடி, பெரிசா சொல்ல வந்துட்டா" என்று சீறிவிட்டு, நவமணி ப்ரோக்ராமைத் திருத்தப் போனாள். விரல் பாதியில் நின்றுவிட்டது.

கேன்டீனில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வியா? "என்னக் கட்டிக்கிறீங்களா?" என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள், வெட்கம் தாங்காமல், அவன் தட்டிலிருந்த நூடுல்ஸைக் காட்டி, "மீ கோரேங் உறைப்பா இருக்கா?" என்றும் கேட்டாள். அப்புறம்தான் அந்த "இல்ல" வந்தது. ஐயோ, மடச்சி! மீ கோரேங்குக்குச் சொன்ன பதிலுக்கா ஒரு மாதம் தலையணையை நனைத்தாள்?

வேலை முடிந்த மணி அடித்ததும் வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். கார்த்திகேசு மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தான்.

"என்னக் கட்டிக்கிறீங்களா?"

கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். ஈப்போ பெண் அழகா, என் மேல் கோபமா, ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒரு கூட்டமே அவள் நாக்கு நுனியில் முண்டியடித்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை. அடேயப்பா, பாலிடெக்னிக் பரீட்சைகூட அவளை இந்தப் பாடு படுத்தியதில்லை.

"ம்" என்றான் கார்த்திகேசு. ஒரு மூச்சு விட்டு, "கட்டிக்கிறேன்" என்றான்.

நவமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கைத்தொலைபேசியை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, அவளிடம் நீட்டினான்.

"எங்கக்கா... முன்னாடியே ஈப்போவுக்குக் கெளம்பிடுச்சு. பொண்ணு பாக்க வேணாம்னு சொல்லணும். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள... கார் தைப்பிங் தாண்டிடும். நீங்க பேசுங்களேன்."