பிரேக் வானின் இரண்டு பலகைகள்

என் மேசையில், வாசிப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு பிரேக் வான் நிற்கிறது. என் நடுவிரலின் நீளம்தான் இருக்கும். முன்பு பிரித்தானியாவில் ஓடிய சரக்கு ரயில்களின் கடைசியில் கொழுவப்பட்ட பெட்டி இது. கார்ட் இதற்குள் நின்று, இறக்கங்களில் கைப்பிரேக்கைத் திருகி முழு வண்டியையும் இழுத்துப் பிடிப்பார். என்னிடம் இருப்பது அதன் மாதிரி, எழுபத்தாறில் ஒரு பங்கு. உடல் முழுவதும் சாம்பல் நிறம். பக்கவாட்டில் இலக்கம் எழுதிய இடத்தில் இரண்டு பலகைகள் மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதை எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை வாசிப்பவர்கள் என்னைப்பற்றி வைத்திருக்கும் எண்ணம் மாறலாம். மாறட்டும்.

வரைபடம் கீறுவது என் தொழில். இளமையில் அதைப் படிக்க இரண்டு வருடம் இங்கிலாந்தில் இருந்தேன். நான் வாடகைக்கிருந்த அறையின் ஜன்னல் ஒரு சரக்கு நிலையத்தைப் பார்த்திருந்தது. அங்கே தொடங்கியது இந்தப் பழக்கம். பிறகு டென்மார்க்குக்கு வந்து, ரண்டர்ஸ் நகரசபையான கொம்யூனின் அலுவலகத்தில் வீதிகளும் வடிகால்களும் கீறி ஓய்வுபெறும் வரைக்கும் பிரித்தானிய ரயில் பெட்டிகளின் மாதிரிகளை மட்டும்தான் சேர்த்தேன். சேர்த்தேன் என்றால், வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம்: எந்தப் பட்டறையில் கட்டியது, எந்த ஆண்டில் என்ன நிறம், கூரை வெள்ளையா சாம்பலா, எழுத்து எத்தனை அங்குல உயரம். பிழையான இலக்கத்தோடு வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எதையும் ஓடவிட்டதில்லை. ஓடினால் சில்லுத் தேயும். அயல் நகரமான சில்க்போர்க்கில் இருந்த மாதிரி ரயில் கழகத்தில் எல்லோரும் டேனிஷ், ஜெர்மன் வண்டிகள் வைத்திருந்தார்கள். நான் ஒருவன்தான் பிரித்தானியப் பக்கம். அதனால் அங்கே என் பெயர் ‘ஆங்கிலேயன்’. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அந்தப் பெயர் உள்ளூரப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அந்தக் கழகத்துக்கு என் சகலனைக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான். என் மனைவியின் தங்கையின் கணவர். என்னைவிட எட்டு வயது இளையவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சில்க்போர்க்கில் லொறிப் பெட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கும் பகுதியில் இருந்தார். மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று உடைந்த நிலக்கரி வண்டி ஒன்றைக் கொடுத்தேன். உண்மையில் அதை எறியத்தான் வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உடைந்த மூலையை உடைவாகவே விட்டு, அதைச் சுற்றித் துரு ஏற்றியிருந்தார். உள்ளே கரித்தூள். மழைநீர் வடிந்த கோடுகள் இரும்புப் பட்டைகளின் கீழே மட்டும். கழகத்தில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து குனிந்தார்கள். ஒருவர் மணந்தும் பார்த்தார்.

எப்படி அறிந்தீர் என்று கேட்டேன். “அண்ணை, நான் நாள் முழுக்க இரும்புக்கு நிறம் அடிக்கிறவன். எது எங்கை முதல்லை கழரும் எண்டு அந்த இரும்பே சொல்லும்,” என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

பிரித்தானிய மாதிரிகளில் ஒரு பழைய குறை உண்டு. பெட்டிகள் எழுபத்தாறில் ஒரு பங்கு. ஆனால் அவை நிற்கும் தண்டவாளத்தின் அகலமோ எண்பத்தேழில் ஒரு பங்கு. பெட்டிக்குப் பாதை ஒடுக்கம். முழு உலகமும் பழகிப்போய்ப் பேசாமல் விட்ட குறை. சகலன் சேர்ந்த இரண்டாம் மாதமே அடிமட்டத்தை வைத்து அளந்து அதைக் கண்டுபிடித்துவிட்டார். “அண்ணை, அத்திவாரமே பிழை. அதுக்கு மேலை நிண்டு நீங்கள் ஆணி எண்ணிறியள்,” என்றார். பிறகு தன் உடைந்த டேனிஷில் மற்றவர்களுக்கும் அதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரண்டர்ஸுக்குத் திரும்பும் பேருந்தில் முழு வழியும் அந்தச் சிரிப்பு என் தாடையில் இறுகிக்கொண்டே வந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, அவர் செய்யிறது ஓடி வந்து நிண்டது மாதிரிக் கிடக்கு. உங்கடை எல்லாம் கடையிலை கிடக்கிறது மாதிரி.” நாற்பது வருடம் சேர்த்ததை அவள் ஒரு துணியோடு துடைத்து முடித்துவிட்டாள்.

கழகம் வருடத்துக்கொரு முறை ஒரு பாடசாலை மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். நடுவில் ஒரேயொரு தனிக் கண்ணாடிப் பெட்டி. அசலுக்கு மிகவும் உண்மையாக இருக்கும் ஒரு மாதிரியை மட்டும் அதற்குள் வைப்பார்கள். பரிசு, பணம் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஆறு வருடம் தொடர்ந்து என்னுடைய ஏதாவது ஒன்று இருந்தது. ஏழாவது வருடம் சகலன் இந்தப் பிரேக் வானைச் செய்தார்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு தன் கராஜில் வைத்துக் காட்டினார். சாம்பல் நிறப் பெட்டி. பழைய பலகை உக்கிப்போனதால் இலக்கம் முடியும் இடத்தில் இரண்டு குட்டைப் பலகை புதிதாக மாற்றப்பட்டிருக்கிறது. பட்டறை அவற்றுக்கு நிறம் பூசாமலே வண்டியை வெளியே விட்டிருக்கிறது. பூசாத மரம் ஒரு மாரி மழையில் நனைந்தால் என்ன நிறமோ அந்த நிறம். பழைய பலகையோடு இலக்கத்தின் கடைசி எண்ணும் போய்விட்டதால் யாரோ தூரிகையால் அதைக் கோணலாகத் திரும்ப எழுதியிருக்கிறார். கோணலையும் அப்படியே செய்திருந்தார். பிழை ஒன்று அகப்படுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“இது எங்கை பார்த்தனீர்?” என்றேன்.

“உங்கடை பழைய சஞ்சிகை ஒண்டிலை, அண்ணை. வாசிக்கத் தந்தனீங்களே ஒரு கட்டு. எது எண்டு நினைவில்லை. படம் மட்டும் கண்ணுக்குள்ளை நிக்குது.”

வீட்டுக்கு வந்து தேடினேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. கறுப்பு வெள்ளைப் படம், உள்ளங்கை அளவு. வெளிறிய இரண்டு பலகைகள், கோணலான கடைசி எண். அந்தச் சஞ்சிகையை நான் நாலைந்து முறை வாசித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறேன். பலகையைப் பார்த்ததில்லை. சஞ்சிகையை ஒரு பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

கண்காட்சியன்று கழகத் தலைவர், ஓய்வுபெற்ற ரயில் சாரதி, வானைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். பிரித்தானியப் பக்கத்தில் என் சொல்தான் முடிவு. இப்படி ஒரு வண்டி இருந்ததா என்று டேனிஷில் கேட்டார். சகலன் பக்கத்தில் நின்றார். இல்லை, இதற்கு ஆதாரம் இல்லை, எந்தப் பட்டறையும் நிறம் பூசாத பலகையோடு வண்டியை விடாது, இது அழகான கற்பனை என்றேன். ‘அழகான’ என்ற சொல்லைச் சேர்த்தேன், நேர்மையாகத் தோன்றுவதற்காக. தலைவர் சகலனைப் பார்த்தார்.

“அண்ணை படிச்சவர். அவர் சொன்னா அது அப்பிடித்தான்,” என்று சகலன் என்னிடமே தமிழில் சொன்னார். அதைத் தலைவருக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். அந்த வருடமும் கண்ணாடிப் பெட்டிக்குள் என்னுடையதுதான், ஓர் எண்ணெய் வண்டி, நின்றது.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு சிறுமை என்று சொல்லிக் கடந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்துச் சகலன் ரண்டர்ஸுக்கு வந்தார். வானின் இரண்டு பலகைகளையும் சுரண்டி, கோணல் எண்ணை அழித்து, முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில் பூசியிருந்தார். என் குறிப்பேட்டில் உள்ள மாதிரி.

“இப்ப சரியோ, அண்ணை?”

கண்காட்சியில் சொன்னது அவசரத்தில், பொறாமையில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த முறை என் வீட்டு மேசை, ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணி, அவசரமே இல்லை. சப்பாத்துப் பெட்டி பக்கத்து அறையில் இருந்தது.

“ஓம், இப்ப சரி,” என்றேன்.

“அப்ப உங்களிட்டையே இருக்கட்டும். நீங்கள்தானே திருத்தினது,” என்று வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அதிகம் செய்யவில்லை. கழகத்துக்கு வந்தால் தேநீர் குடித்துவிட்டுப் போவார். யாராவது நிறம் கேட்டால், “அண்ணையைக் கேளுங்கோ,” என்பார். சில வருடங்களில் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள்.

போன மாரியில் நாங்கள் சிறிய வீட்டுக்கு மாறும்போது மகள் அந்தச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தாள். சஞ்சிகையைத் தூக்கிப் பிடித்து, எறியலாமா என்று டேனிஷில் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நாள் பேருந்தேறி சில்க்போர்க் போனேன். சகலன் இப்போது முதியோர் இல்லத்தில். ஜன்னலுக்கு வெளியே ஏரி. படத்தை அவர் மடியில் விரித்து, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன்.

நெடுநேரம் படத்தைப் பார்த்தார். “அப்ப நான் கண்டது உண்மை,” என்றார்.

“ஓம்.”

“என்ரை கண்ணிலை எனக்கு நம்பிக்கை போனது அண்டைக்குத்தான், அண்ணை. வேலையிலையும் பிறகு நிறம் கலந்தா ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டிறனான்.”

மன்னிக்கச் சொன்னேன். ஏரியில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வான் எங்கை?” என்றார்.

“வீட்டை கிடக்கு.”

“அந்தப் பலகை ரெண்டையும் நீங்களே பூசுங்கோ.”

“எனக்குக் கை வராது, தம்பி. நான் ஒருநாளும் பூசினதில்லை.”

அவர் தன் வலக்கையைத் தூக்கி என் முன்னால் பிடித்தார். அது தன்பாட்டில் ஆடியது. “இதைவிட உங்கடை கை திறம்,” என்றார். இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் தன் சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை.

எழுபத்தொன்பது வயதில் தூரிகை வாங்கினேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வானைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். முதல்தரம், “இது மரமில்லை, தேத்தண்ணி,” என்றார். மூன்றாம்தரம், “மழை காணேல்லை.” ஐந்தாம்தரம் ஒரு தடவை பார்த்ததுமே திருப்பித் தந்தார். மச்சாள், அவர் மனைவி, பொறுக்க முடியாமல் அவரிடம், “பாவம் அத்தான், சரியெண்டு சொல்லுங்கோவன்,” என்றாள். “அண்ணைக்குப் பொய் சொல்லேலாது,” என்றார் அவர். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒவ்வொரு முறையும் வானைத் திரும்பச் சுத்தமாக்கி, நிறம் கலந்து, ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு இருக்கிறேன். அப்போதும் எனக்குள் எழுவது பச்சாத்தாபம் மட்டுமல்ல. கை போன பிறகும் அந்தக் கண் போகவில்லையே என்ற பழைய எரிச்சல்தான் முதலில் வருகிறது. இத்தனை வருடம் எல்லாம் தெரிந்தவனாக இருந்த எனக்கு நனைந்த மரத்தின் நிறம் தெரியவில்லை.

நேற்று எட்டாம்தரம் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் நடுக்கத்தில் சில்லுகள் கடகடவென்று சுழன்றன. என்னிடம் வந்த நாளிலிருந்து அந்த வான் ஓடியதே அப்போதுதான். அவர் அவசரப்படவில்லை. இலக்கத்தை, நான் கோணலாக எழுதிய கடைசி எண்ணை, விரல் படாமல் பார்த்தார்.

“மேல் பலகை உண்மை, அண்ணை. இப்பிடித்தான் இருந்தது. கீழ்ப் பலகை பொய்.”

இன்று காலை கீழ்ப் பலகையைச் சுரண்டிவிட்டேன். மேல் பலகையைத் தொடவில்லை. வான் மேசையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெளியே மழை. பல்கனியில் ஒரு மரத்துண்டை நனைய வைத்திருக்கிறேன். அது என்ன நிறமாகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.