கிழக்கு முகம் காட்டிய நேரம்

காலை ஆறரை மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் யாருமில்லை. அன்று அடித்தது. எடுத்தால், திரேசம்மா ரீச்சரின் தங்கை மகள் சுகந்தி. "அன்ரி, பெரியம்மா விடியப்புறம் மோசம் போயிட்டா. நித்திரையிலைதான்."

மூன்று வாரம் கழித்து மறுபடியும் எடுத்தாள். "முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். நீங்கள்தானே கனகாலம் ஒண்டாப் படிப்பிச்சனீங்கள். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. அந்த மணிக்கூட்டுக் கதையை விட்டிடாதேங்கோ, சனம் சிரிக்கும்." ஓம் என்று சொல்லிவிட்டேன்.  நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்து கணித ஆசிரியையாக வந்தவர் திரேசம்மா. பிள்ளைகளை மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குக் கூட்டிப்போய் நிழலை அளக்க வைப்பார். யாரோ ஓர் இளவரசர் இலங்கைக்கு வந்ததற்காகக் கட்டினார்கள் என்று நான் வரலாறு சொல்ல வாயெடுத்தால், "அவர் யாழ்ப்பாணப் பக்கம் எட்டிப் பாத்தாரோ எண்டு கோபுரத்தைத்தான் கேக்கோணும், அக்கா" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கன்னியர் மடத்தில் படித்த எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

போரில் உடைந்து நெடுநாள் ஊமையாக நின்ற கோபுரத்துக்கு மணிக்கூடுகள் திரும்பப் பூட்டிய பிறகு, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போன நாள் குறைவு. திரேசம்மா நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருவார். "கிழக்கு முகம் அவசரக்காரி. மேற்கு முகத்தை நம்பலாம்" என்று ஓய்வறையில் அறிவிப்பார். யாழ்ப்பாண நகரை அடுத்த திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வரும் எனக்குத் தெரிவது கிழக்கு முகம். அதைப் பார்த்துத்தான் தினமும் என் கைக்கடிகாரத்தைத் திருத்துவேன். அவர் சொன்னதைப் பகிடியென்றே எண்ணினேன்.

அந்த வருடம் பொதுப் பரீட்சைக்கு மண்டபப் பொறுப்பு எனக்கு, உதவிக்குத் திரேசம்மா. கணிதப் பாடத்தன்று மண்டபத்து மணிக்கூட்டை என் கைக்கடிகாரத்தின்படி நானே திருத்தினேன். தொடங்கி அரைமணி கழிந்தால் யாரையும் உள்ளே விடக்கூடாது. அந்த மணிக்கூட்டில் அரைமணிக்கு மேல் இரண்டு நிமிடம் ஆனபோது, மேற்கே வேலணைத் தீவிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள்.

"பண்ணைப் பாலத்திலை ஆமி பஸ்ஸை மறிச்சிட்டாங்கள், மிஸ். கோபுரத்தைப் பாத்துப் பாத்துத்தான் ஓடி வாறன். இன்னும் நேரம் இருக்கு, மிஸ்!"

திரேசம்மா என் காதருகே குனிந்தார். "அக்கா, உங்கடை நேரம் எந்த முகம்?"

"விதி விதிதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நண்பகல் வானொலிச் செய்தியோடு ஒத்துப் பார்த்தோம். என் கைக்கடிகாரம் ஆறு நிமிடம் முந்தியிருந்தது. திரேசம்மா வாசலுக்கு ஓடினார். பிள்ளை போய்விட்டாள்.

அடுத்த கிழமை அவளுடைய தகப்பன் முறைப்பாட்டோடு வந்தார். மணிக்கூட்டைத் திருத்தியது யார் என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார். நான் கைக்கடிகாரத்தைச் சேலைத் தலைப்பால் மூடினேன். திரேசம்மா எழுந்தார். "நான்தான், சேர்." வெளியே வந்ததும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். என் கணவர் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "உங்களுக்கு இப்ப அந்த ஒரு துக்கமே காணும், அக்கா" என்றார். 

அதன்பின் அவரைப் பரீட்சைக் கடமைக்கு ஒருபோதும் அழைக்கவில்லை. ஒரு வருடம் முழுவதும் சனிக்கிழமைகளில் வேலணைக்குப் போய் அந்தப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். அவள் மறு வருடம் எழுதிச் சித்தியடைந்தாள். ஆசிரியர் ஓய்வறையிலோ யாராவது பிந்தி வந்தால், "என்ன, திரேசம்மா நேரமோ?" என்பது வழக்கமாகிவிட்டது. இதை வாசிக்கும் சக ஆசிரியர்களே, நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் தேத்தண்ணீரை ஆற்றியபடி, "ஓம் ஓம், என்ரை நேரம்தான்" என்பார். என் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்.

உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ முறை குருநகர் வரை போனேன். ஒவ்வொரு முறையும் மீன் விலை கதைத்துவிட்டுத் திரும்பினேன். பிழைவிடாத ஆசிரியை என்ற பெயர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

இந்த மலர் அந்த வேலணைப் பிள்ளையின் கைக்கும் போகும். அவள் இப்போது தானும் ஓர் ஆசிரியை. என்ன நினைப்பாளோ தெரியாது. சுகந்தி, சனம் சிரிக்கும் என்றாயே, அந்தக் கதை இதுதான், அம்மா. ஒரு வரியும் வெட்டாமல் போடு.

நினைவாக வைத்துக்கொள்ளத் திரேசம்மாவின் பொருட்கள் எதுவும் எனக்கு வேண்டாம். இத்தனை வருடம் அவர் பெயரில் கிடந்த அந்த ஆறு நிமிடத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.