நாற்பது நொடி ஞானசேகரன்

புது வேலையின் பெயரை மேலாளர் சொல்லி முடிப்பதற்குள் ஞானசேகரன் என்டரைத் தட்டிவிடுவார். பிறகு நாற்காலியைச் சாய்த்துக் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். திரையில் வரிகள் மளமளவென்று ஓடும். "நாப்பது செகண்டு, மூவாயிரம் லைனு. எவனுக்கானா வருமா இந்த ஸ்பீடு?"

மூவாயிரத்தையும் எழுதியது அவருடைய ஸ்கிரிப்ட். பெயரைக் கொடுத்தால் போதும். தரவை டிஸ்க் வட்டில் எழுதும் கெர்னல் மாட்யூல் என்ற நிரல்துண்டுக்கு வேண்டிய கோப்புகள் வந்து வரிசையில் நிற்கும். திறக்க ஒரு பகுதி, மூட ஒரு பகுதி, எழுத, படிக்க. எல்லாம் வெறும் கூடு. எதைக் கூப்பிட்டாலும் 'முடிந்தது' என்று பதில் வரும். செய்யாத வேலைக்கு இத்தனை பணிவாகப் பதில் சொல்ல ஞானசேகரனால்தான் கற்றுக்கொடுக்க முடியும். கூட்டை நிரப்ப வேண்டியவரும் அவரே. நிரப்புவார், அடுத்தவர் கண்ணில் படுகிற இடங்களை மட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கணினித் தரவுக்கான சேமிப்புப் பெட்டி செய்கிற அந்தக் கம்பெனியில் பதினொரு வருடம். திருநின்றவூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தாலும் சட்டை கசங்காது. ஒவ்வொரு வரியாக யோசித்து எழுதுகிற பக்கத்து மேசை முஜீபைக் கண்டால் மூக்கைச் சுருக்குவார். "இன்னா மச்சான், கையாலயா எழுதினுகீற? ஆட்டுக்கல்லுல மாவாட்றா மாரி." அவர் வீட்டுக்கு மாவு பாக்கெட்டில் வருவது சோதனைப் பிரிவு கோமளாவுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒரு ரத்த வங்கிக்குப் பெட்டி போக வேண்டும். ரத்தம் கொடுத்தவர் யார், எந்த வகை, யாருக்கு ஏற்றக்கூடாது, எல்லாம் அதில்தான் ஏறும். கோமளா கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வாசலைத் தாண்டும். வியாழன் மதியம் அவள் மேசையருகே வந்து நின்றார் ஞானசேகரன்.

"இன்னாம்மா, இன்னும் பவர் கட் டெஸ்ட்டா? போன பொட்டிலயே பாஸ் ஆச்சே. ஒரு டிக்கு போட்டுட்டுப் போவியா."

"போன பொட்டில இந்த மாட்யூலே இல்ல சார்."

"பேருதாம்மா வேற. அதே ஸ்கிரிப்ட்டு, அதே எலும்பு."

அதுதான் சார் பயம் என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கோமளா விழுங்கிக்கொண்டாள். ஆயிரம் பதிவுகளை எழுதவிட்டாள். மின்சாரம் போனால் அழிந்துவிடுகிற நினைவகத்தில் நிற்பதையெல்லாம் வட்டில் இறக்கு என்று கட்டளை கொடுத்தாள். 'முடிந்தது' என்றது பெட்டி.

"பாத்தியா?" என்றார்.

அவள் குனிந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். மறுபடி செருகிப் பெட்டி விழித்ததும் எண்ணிப் பார்த்தாள். ஆயிரத்தில் அறுபத்திரண்டு இருந்தது.

"ஒயரு லூசா கீதும்மா."

"நான்தானே சார் புடுங்கினேன். ஃபைலத் தொறங்க."

அவள் கணினி முன்னாலேயே உட்கார்ந்து திறந்தார். வட்டில் இறக்க வேண்டிய பகுதியில் 'முடிந்தது' என்று ஸ்கிரிப்ட் போட்ட ஒற்றை வரி அப்படியே இருந்தது. அதன் மேலே, 'இங்கே எழுதவும்' என்ற குறிப்பு. தொட்டவர் யாருமில்லை.

"இத நெரப்புங்க சார். நான் மறுபடி புடுங்கிப் பாக்கறேன். அது வரைக்கும் பொட்டி இங்கதான்."

மேலாளர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஞானசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். எழுதப்போகிறார் என்று கோமளா நாற்காலியை அருகில் நகர்த்தினாள். அவர் கோப்பின் உச்சிக்குப் போனார். 'எழுதியவர்' என்பதற்குப் பக்கத்தில் இருந்த தன் பெயரை, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார்.