றீற்றா அக்கா வெட்டித் திறந்த வாசல்

மல்லாவிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, பழைய சக ஊழியர் ஒருவர் வந்து, றீற்றா அக்கா காலமாகிவிட்டார் என்றார். அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அவரைச் சிரிக்காமல் நினைக்க எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் இங்கே மரங்களின் கீழ் கிடந்த காலம் அது. வீடில்லாதவர்களுக்குக் கொட்டில் போட்டுக்கொடுத்த ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பொறுப்பாளர் றீற்றா அக்கா. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர்; தாமும் வீட்டை விட்டு வந்தவர்தான். முதல் நாளே, "படிச்ச பிள்ளையெண்டு கதிரையிலை இருக்கேலாது, கிடுகு கட்ட வாரும்" என்று இழுத்துப்போனார். தென்னோலை பின்னிய அந்தக் கிடுகுகளைக் கட்டிக் கட்டிக் கை கொப்பளித்துவிட்டது.

மாரி நெருங்கியது. வாடைக்காற்றோடு மழை உள்ளே அடிக்குமே என்று, முதல் வரிசைக் கொட்டில்கள் எல்லாவற்றுக்கும் அக்கா தெற்கே வாசல் வைத்தார். கடற்கரைக்காரரின் யோசனை. கட்டி முடித்துப் பெருமையோடு குடும்பங்களைக் கூப்பிட்டோம். ஒருவரும் உள்ளே போகவில்லை.

கந்தையா ஐயா என்ற, ஊரில் வயல் செய்த கமக்காரர்தான் கடைசியில் வாய் திறந்தார். பக்கத்தில் மாதம் நிறைந்த மகள் நின்றார்.

"தெற்கு வாசலுக்குள்ளாலை பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோகேலாது, பிள்ளை. குறை நினையாதேங்கோ."

வானம் கறுத்துக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. மழையில் நனையலாமாம், யமன் திசையென்று தெற்கே பார்க்கக் கூடாதாம்! அக்காவோ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ரை பிழை, ஐயா. காத்தைக் கேட்டு வாசல் வைச்சனான், உங்களைக் கேட்க மறந்துபோனன். எந்தப் பக்கம் வேணும்?"

"கிழக்கு."

உடனே கத்தியை எடுத்துக் கிழக்குச் சுவரின் கிடுகை வெட்டத் தொடங்கினார். வெட்டியதைக் கொண்டே தெற்கு வாசலை அடைத்தோம். அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து ஒரு மேலதிகாரி வந்து இறங்கினார்.

"புதுக் கொட்டிலை ஏன் வெட்டுறியள்?"

"ஆக்கள் இருக்கிறதுக்குத்தான், சேர். அந்தக் கயிறை ஒருக்கால் பிடியுங்கோ."

பாவம், அவரும் பிடித்தார்.

கட்டி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கந்தையா ஐயா மகளை வலது காலை வைக்கச் சொல்லி உள்ளே கூட்டிப்போனார். நனைந்தபடி நாங்கள் அடுத்த கொட்டிலுக்குத் திரும்பினோம். ஐயா வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"பிள்ளையள், ஏன் வெளியிலை நிக்கிறியள்? வீட்டுக்கை வாங்கோ."

எத்தனையோ மாதமாக யாரையும் அப்படிக் கூப்பிட வழியில்லாமல் மரத்தடியில் இருந்த மனிதர். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். சாக்கை விரித்து அவரை இருத்தினார்கள். தலையால் தண்ணீர் வடிய, சம்பந்தம் பேச வந்தவர் போல நிமிர்ந்து இருந்து, "நல்ல வீடு" என்றார்.

போயிட்டு வாங்கோ, அக்கா.