வாடிய கொடிக்கு ஊற்றிய நுரை

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. சீவலப்பேரிக்குப் பக்கத்தில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில், வாய்க்கால் மடையை ஒட்டிய முதல் பாத்தியில் நாலைந்து கொடிகள் அடித்தண்டு கறுத்து வாடி நின்றன. எனக்கு எதைக் கண்டாலும் பயம். ஓர் இலை பழுத்தால்கூடத் தோட்டமே போய்விட்டதென்று சோறு இறங்காது. அந்தத் தடவை பயத்துக்கு நியாயம் இருந்தது. எங்களுக்கு அந்தக் கொடிக்காலை விட்டால் வேறு பிழைப்பில்லை.

விவசாய ஆபீசிலிருந்து வந்த அதிகாரி தண்டைக் கீறிப் பார்த்தார்.

"இந்த நோயோட வித்து தண்ணியில நீந்திப் போகும் அண்ணாச்சி. அந்நேரம் அதுக்கு மேலோடு கிடையாது, மெல்லிசுத் தோல் மட்டுந்தான். பூந்திக்கொட்டை நுரை பட்டா அந்தத் தோல் கிழிஞ்சு வெடிச்சிரும். ஊத்திப் பாருங்க."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வெடிச்சிரும் என்றது மனதில் நின்றது; நீந்திப் போகும் என்றது நிற்கவில்லை.

கடையில் கிடைத்த கொட்டை கொஞ்சம்தான். என் மனைவி அதை ஊறவைத்துப் பிசைந்தாள். வாளியில் நுரை பொங்கியது.

"ஏட்டி, நல்லா நிக்கிற கொடிக்கும் கொஞ்சம் ஊத்துவமா?" என்று கேட்டேன்.

"நம்ம பிள்ளைக்குக் காய்ச்சல்னா அடுத்த வீட்டுப் பிள்ளைக்கா ஊசி போடுவாக? நல்ல கொடியப் பாத்தாலும் உங்களுக்குப் பயந்தானா?"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காரியத்தையாவது பயமில்லாமல் செய்வோமே என்றிருந்தது.

வாளி நுரை முழுவதையும் வாடிய கொடிகளின் தூரில் ஊற்றினோம். மறுநாள் வழக்கம்போல மடை திறந்தேன். தண்ணீர் முதல் பாத்தியில் நிறைந்து அடுத்த பாத்திக்கு இறங்கியது. கார்த்திகை முடிவதற்குள் கடைசிப் பாத்திவரை கறுத்துவிட்டது.

மறுபடி வந்த அதிகாரி தலையில் கைவைத்தார். "தண்டுக்குள்ள போயிட்ட நோய நுரை என்ன செய்யும்? நல்ல கொடிக்குப் போற தண்ணியிலல்லா கலந்திருக்கணும்!"

கொடிகளைப் பிடுங்கி எரித்தோம். எரியும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க கேக்கத்தான் செஞ்சிய. நாந்தான் கெடுத்தேன்" என்றாள்.

இல்லட்டி, எனக்கும் தெரியாதுதானே என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஈரக்கொடி சரியாகத் தீப்பிடிக்காமல் புகைந்துகொண்டே இருந்தது. புகை பக்கத்து வயல்காரரின் வைக்கோல் படப்புப் பக்கம் போகிறதே என்று கவலைப்பட்டு, மண்ணள்ளிப் போட ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் வீட்டுக்குப் போயிருந்தாள்.