தெருவுக்கெல்லாம் சிஸ்டர்

தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தட்டப்படுவது அவள் வீட்டுக் கதவுதான். எல்லோருக்கும் அவள் ‘சிஸ்டர்’. ஊசி போடச் சொல்லி வருபவர்களை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். “டாக்டர் எழுதிக் குடுக்காம ஊசியைத் தொடமாட்டேன்” என்பாள். எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று தெருவே மெச்சியது. அவள் பயம் அவளுக்கு. ஊசி போட அவள் படித்ததே இல்லை. பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டில் அவள் ஆயா.

பொய் அவள் சொன்னதல்ல. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவளுடைய சித்தப்பா சிக்கனக்காரர், ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “பொண்ணு நர்ஸ்.” மாமியார் அதைத் தெரு முழுக்கப் பரப்பினார். முதல் மாதமே கணவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. கணவர் தையல்காரர். ஆனாலும் அவள் தன் சீருடையை ஒருநாளும் அவரிடம் தைக்கக் கொடுத்ததில்லை. நர்ஸுக்கு வெள்ளை, ஆயாவுக்கு நீலம். ஆஸ்பத்திரியிலேயே துவைத்து, ஆஸ்பத்திரியிலேயே மாற்றிக்கொண்டு, அந்த நீலத்தை வீட்டுக்குள் விடாமல் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்பானிஷ் பேசும் ஒரு நாட்டில் முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், கணவரையும் கூட்டிப்போகலாம் என்று ஒரு ஏஜென்ட் வந்தார். ஊரைத் தாண்டிப் போக வேண்டும் என்று கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அவர் துணிக்கு ஓரம் அடித்தபடியே அவள் நோட்டைப் பிரித்துவைத்துக் கேள்வி கேட்பார். அந்த வாரம் டீச்சர் கொடுத்திருந்தது தொழில்களும் பட்டங்களும். ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றைச் சொல்லிவிடும் வார்த்தைகள்.

“மெதிகோ?”

“வைத்தியம் பாக்கறவர்.”

“தொக்தோர்?”

“அது பட்டம். ஆராய்ச்சி பண்ணி வாங்கினவரும் தொக்தோர்தான். ஆனா மெதிகோவை நேர்ல பாத்தா தொக்தோர்னு கூப்பிடலாம்.”

“ப்ரொஃபெஸோரா?”

“பெரிய வகுப்பு டீச்சர். நம்ம காலேஜ் புரொஃபசர்னு நினைச்சுக்கக் கூடாது. அதுல உச்சியில இருக்கறவரு கத்தெத்ராத்திகோ.”

“பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரிட்டையர் ஆயிடுவார் போலிருக்கே!”

தன் தொழிலுக்கும் அவர் வார்த்தை தேடினார். ஆண்களுக்குக் கோட்டு சூட்டு தைப்பவர் சாஸ்த்ரே. பெண்களுக்குத் தைப்பவர் என்றால் மொதிஸ்தா. அவர் தைப்பதெல்லாம் பெண்கள் துணிதான். “கோட்டுக்கு அளவெடுக்க எனக்குத் தெரியாதா? சாஸ்த்ரேன்னே எழுது” என்றார். சிரித்துக்கொண்டே எழுதினாள்.

“என்ஃபெர்மெரா?”

“நர்ஸ்.”

“ஆக்ஸிலியார் தெ என்ஃபெர்மெரியா?”

“நர்ஸுக்கு… கூடமாட உதவி பண்றவங்க.”

“இது உனக்கு எதுக்கு? விடு” என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஏஜென்டிடம் மட்டும் அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “என்ஃபெர்மெரான்னே சொல்லுங்கம்மா. பேப்பரை நான் பாத்துக்கறேன். அங்க போனா யாரு கேக்கப்போறாங்க?”

யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் அவளுக்குப் பயம். முதல் நாளே மருந்துத் தட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தெருவில் அந்தப் பொய் மாமியாரின் பெருமையோடு நின்றது. அங்கே அது யாரோ ஒரு கிழவரின் தொண்டைக்குள் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் நடக்கப்போகும் நேர்காணலில் உண்மையைச் சொல்லலாம் என்றால் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு வார்த்தையும் அவருக்கு மனப்பாடம். இத்தனை வருடம் மறைத்தவளை அவர் எப்படிப் பார்ப்பாரோ?

ஞாயிற்றுக்கிழமை காலை போனைத் தையல் மிஷின் மேல் சாய்த்துவைத்தார்கள். திரையில் அந்த இல்லத்தின் தலைவி. கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, படத்தில் விழாமல் ஓரமாக உட்கார்ந்தார். அவள் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் அவர் உதடும் கூடவே அசைந்தது. உங்கள் தொழில் என்ன என்று தலைவி கேட்டார். அவர் உதடு முந்திக்கொண்டது: என்ஃபெர்மெரா.

“ஸோய் ஆக்ஸிலியார் தெ என்ஃபெர்மெரியா” என்றாள் அவள்.

அவர் பதறிப்போனார். பாவம், பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று நினைத்து நோட்டை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டி, மேல் வரியை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அவள் நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

“நோ ஸோய் என்ஃபெர்மெரா.” நான் நர்ஸ் இல்லை.

நீட்டிய நோட்டு மெல்லக் கீழே இறங்கியது. வார்டில் என்ன செய்வீர்கள் என்று தலைவி கேட்க, தெரிந்த வார்த்தைகளையெல்லாம் கூட்டி அவள் சொல்லிக்கொண்டே போனாள். தலைவி குறித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார். திரை அணைந்தது.

“மாத்திச் சொல்லிட்டியே…” என்றார் கணவர். அப்போதும் அவருக்கு ஒரு நப்பாசை.

“மாத்திச் சொல்லலைங்க. நான் நர்ஸ் இல்லை. ஆயா. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே ஆயாதான்.”

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தவில்லை.

“முன்னபின்ன தெரியாத அந்தம்மாகிட்ட சொல்லிட்டே. இத்தனை வருஷமா நான் பக்கத்துலதானே இருந்தேன்? என்கிட்ட சொல்லணும்னா நானும் ஸ்பானிஷ் படிச்சுத்தான் வரணுமா?”

அவளால் தாங்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தெரிந்தால் அவர் வெட்கப்படுவார் என்றுதான் இத்தனை வருடமும் பயந்திருந்தாள். அவருக்கு வலிக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அந்தம்மாகிட்ட மடமடன்னு என்னமோ சொன்னியே, எனக்குப் பாதி புரியலை. நம்ம பாஷையில சொல்லு. வார்டுல உனக்கு என்ன வேலை?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு முதல் கட்டிலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.