முதல் ஐந்து மணி நேரத்தை அளந்தவர்

செய்தி பெருமாளிடமிருந்து வந்தது. சுபாங் ஜெயாவில் என் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான். "சார், நம்ம மிஸ் தவறிட்டாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுல இருந்து எடுக்கிறாங்களாம்."

மிஸ் என்றால் நமக்கு ஒருவர்தான். லோகநாயகி, மிஸ் லோகா. நம் ஆய்வகத்தில் இளமை முழுவதும் சிமெண்டையும் கான்கிரீட்டையும் சோதித்துக்கொண்டிருந்த டெக்னீஷியன். ஒரே கூரையின் கீழ் அவரோடு வேலை செய்த நமக்கெல்லாம் தெரிவதற்கு முன்னால், கிள்ளானில் கான்கிரீட் போடும் ஆட்களுக்குத் தலைவரான மண்டோர் பெருமாளுக்குச் செய்தி போயிருக்கிறது. அதுதான் முறை. ஏன் முறை என்று உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த விஷயத்தில் தவறு செய்தவன் நான்.

எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வே அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்; என் அப்பா அதே ரயில்வேயில் வெயிலில் தண்டவாளம் பார்த்தவர். லேபில் நான் இன்ஜினியர், அவர் டெக்னீஷியன். "எங்கட அப்பா உங்கட அப்பாவுக்கு ஓர்டர் போட்டார். இப்ப நீங்கள் எனக்குப் போடுறீங்கள். சரியாப் போச்சு லா" என்பார். ஆனால் நான் போட்ட உத்தரவுகளில் பாதியைக்கூட அவர் கேட்டதில்லை.

அவர் டயல் கேஜ் பார்க்கும்போது யாரும் கதவை அறைந்து சாத்தக் கூடாது. முடியளவு அசைவைக்கூடக் காட்டும் கருவி அது. ஒருமுறை மேனேஜர் வேகமாக உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டார். மிஸ் லோகா திரும்பியும் பார்க்காமல், "போஸ், நீங்கள் வந்தது இதில விழுந்திருக்கு" என்று முள்ளைக் காட்டினார். அதன் பிறகு மேனேஜர் அந்த அறைக்குள் பூனை மாதிரிதான் வருவார்.

எண்பதுகளின் நடுவில், கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்குக்குத் தளம் போட்டார்கள். பாரமான லோரிகள் ஏறும் தளம் என்பதால் தண்ணீர் குறைத்த புதுக் கலவை. காலையில் போட்ட தளத்தில் மத்தியானமே மெல்லிய விரிசல்கள் ஓடிவிட்டன. போட்டவர்கள் பெருமாளும் அவர் ஆட்களும். வேலை சுலபமாகட்டும் என்று அவர்கள் திருட்டுத்தனமாகத் தண்ணீர் கலந்திருப்பார்கள் என்றார்கள் கலவையை விற்றவர்கள். கலவையில் குறை இல்லை என்று லேப் சொன்னால், பெருமாளின் குழு மொத்தமும் வெளியே. அந்தப் பெயரோடு கிள்ளானில் அவர்களை வேறு யாரும் சேர்க்கமாட்டார்கள்.

நான் வழக்கப்படிதான் செய்தேன். கலவையை நீளக் கட்டையாக வார்த்தேன். மறுநாள் காலை அச்சைக் கழற்றி நீளத்தை அளந்தேன். அதிலிருந்து நாளுக்கு நாள் எவ்வளவு சுருங்குகிறது என்று குறித்தேன். எல்லாம் அளவுக்குள் இருந்தது. கலவையில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அன்று எனக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

மிஸ் லோகா அறிக்கையின் நகலோடு என் மேசைக்கு வந்தார்.

"தளம் வெடிச்சது எத்தனை மணிக்கு?"

"மத்தியானம்."

"நீங்கள் அளக்கத் தொடங்கினது?"

"மறுநாள் காலையில."

"அப்ப அந்த வெடிப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"எல்லா லேப்லயும் இப்படித்தான் மிஸ்."

"அப்ப எல்லா லேப்பும் பிந்தித்தான் வருது."

பதிலுக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கிவிட்டார். இரும்புத் தொட்டி ஒன்றில் பிளாஸ்டிக் விரித்து, கான்கிரீட் ஒட்டாமல் நகரும்படி செய்தார். இரண்டு முனையிலும் ஆணி பதித்து, ஆணிக்கொரு டயல் கேஜைத் தொட வைத்தார். கான்கிரீட் இறுகி ஆணியைப் பிடித்ததுமே கணக்கு ஆரம்பம். மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்று மாலை வரை முள் அசையவே இல்லை. "பாத்தீங்களா?" என்றேன். எனக்குக் கொஞ்சம் குஷிதான்.

அவர் தொட்டியைப் பார்த்தார். அதன்மேல் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. போர்த்தியவன் நான். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் போர்த்தியிருக்கிறேன். புதிதாக வார்த்தது எதைக் கண்டாலும் நம் லேபில் கை தானாக ஈரச் சாக்கை எடுக்கும்; காயாமல் காப்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். காய்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனையையும் நான் காப்பாற்றி வைத்துவிட்டேன். பழக்கத்தில் செய்துவிட்டேன் என்றேன்; அவர் நம்பவில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

மூன்றாம் நாள் பெருமாளையே வரவழைத்தார். பெருமாள் அறையைச் சுற்றிப் பார்த்தார். "மிஸ், அங்க இன்னும் சுவர் ஏத்தல. கடல் காத்து நேரா வந்து அடிக்கும். நீங்க ஏர்கோன் ரூம்ல சாக்கு போத்தி, புள்ளயத் தூங்க வச்ச மாதிரில்ல வச்சிருக்கீங்க."

மிஸ் லோகா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

தொட்டியைப் பின்வாசல் கொட்டகைக்குத் தூக்கிப் போனோம். இரண்டு மேசை விசிறிகளை வைத்தோம். எங்கள் கண் முன்னால் அளந்த தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டும் சேர்க்காமல் பெருமாளே கலந்தார். பக்கத்தில் அதே கலவையை இன்னொரு தொட்டியில் வார்த்து, உடனே பிளாஸ்டிக்கால் மூடி வைத்தோம். மூடியதில் முள் பெயருக்குத்தான் நகர்ந்தது. திறந்ததில் ஓடியது. நான் முன்பு ஒரு வாரமாக அளந்து எழுதிய சுருக்கத்தைவிட, அந்த முதல் ஐந்து மணி நேரத்தின் சுருக்கம் பெரிது. யாரும் தண்ணீர் சேர்க்கவில்லை. காற்றில் விட்டால் அந்தக் கலவை அப்படித்தான் சுருங்கும். போட்ட கையோடு மூடவேண்டும் என்று அதை விற்றவர்கள் பெருமாளிடம் சொல்லவே இல்லை.

இனி என் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். புதுத் தகவல் கிடைத்தது என்று மழுப்பலாக எழுதிவிடச் சொன்னார் மேனேஜர். நானும் அப்படியே எழுதினேன். மிஸ் லோகா அதை வாங்கிப் படித்தார்.

"புதுசா என்ன கிடைச்சது? அண்டைக்கும் இதே சிமெண்ட்தான், இதே காத்துதான். நாங்கள் அளக்கேல்லை. அதை எழுதுங்கோ. அந்த மனுசனுக்குப் பதினாலு ஆள் பின்னால நிக்குது."

எழுதினேன். முதல் நாள் சுருக்கத்தை அளக்காமலே முடிவு சொல்லிவிட்டோம், தளம் போட்டவர்கள்மேல் குற்றம் இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என் பெயர் கெடப் போகிறது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. பிறகு போட்டேன். காகிதத்தை உறைக்குள் வைக்கப் போனபோது மிஸ் லோகா கையை நீட்டி வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். டெக்னீஷியன்கள் கையெழுத்திடும் வழக்கம் நம் லேபில் கிடையாது.

"இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லையே மிஸ்" என்றேன்.

"உங்கட பேர் அதில தனியா நிண்டா பயப்படும். அனுப்புங்கோ."

திங்கட்கிழமை பெருமாளின் ஆட்கள் அதே கிடங்கில், கேன்வாஸ் கட்டிக் காற்றை மறைத்து, அடுத்த பகுதியைப் போட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் தீபாவளிக்கும் பெருமாள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை.

நாளை நானும் போகிறேன். நீங்களும் வருவீர்கள். ஆளாளுக்கு அவரைப் பற்றி ஒன்று சொல்வீர்கள். என்னிடம் இருப்பது அந்தக் கடிதத்தின் நகல். நான் தப்புச் செய்தேன் என்று சொல்லும் ஒரே காகிதம் அது. என் பெயரை நான் பெருமையோடு பார்ப்பது அதில்தான், கீழே அவர் பெயர் இருப்பதால்.